தென்கிழக்குத் தூண்

என் மேசை இழுப்பறையில் நீல அட்டை போட்ட கணக்குப் புத்தகம் ஒன்று இருக்கிறது. அட்டையின் கீழ் மூலையில் கழிவு எஞ்சின் எண்ணெய் பட்டுக் கறுத்த கறை இன்னும் போகவில்லை. பக்கங்களைப் புரட்டினால் இன்றும் அந்த வாசம் வருகிறது. ஆணி இத்தனை வீசை, மூங்கில் இத்தனை கட்டு, கூரை ஓலை இத்தனை நூறு என்று 2008 டிசம்பரில் தொடங்கி 2009 ஏப்ரல் வரை என் கையெழுத்தில் வரவும் செலவும் எழுதப்பட்டிருக்கின்றன. மியான்மரின் (பர்மா) யாங்கூனில் உள்ள எங்கள் கத்தோலிக்கக் கோவில் பங்கிலிருந்து புறப்பட்ட தொண்டர் குழு, நர்கிஸ் புயலில் அழிந்த டெல்டா கிராமம் ஒன்றில் வீடு கட்டிய காலத்துக் கணக்கு அது. அண்மையில் என் அண்ணன் மகள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அத்தை, மொத்தம் எத்தனை வீடு கட்டினீர்கள்?" என்று கேட்டாள். முப்பத்தொன்று என்று சொன்னேன். ஆனால் புத்தகத்தில் முதல் வீட்டின் பெயர் இரண்டு முறை எழுதப்பட்டிருக்கிறது. ஏன் என்று அவள் கேட்டபோது அதற்கு ஒரு வரியில் விடை சொல்ல முடியவில்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

நர்கிஸ் புயல் 2008 மே 2, வெள்ளிக்கிழமை மாலை ஐராவதி டெல்டாவில் கரை ஏறி, இரவோடு இரவாகக் கிழக்கே நகர்ந்து, மறுநாள் விடியற்காலையில் யாங்கூனை அடைந்தது. காற்றைவிடக் கடல்தான் அதிக உயிர்களைக் கொண்டுபோனது. லபுட்டா, போகலே வட்டாரங்களில் 12 அடி வரை எழுந்த அலை, மேடு என்று சொல்லிக்கொள்ள எதுவுமே இல்லாத அந்தச் சமவெளியின் மீது இருட்டில் பரவியது. அரசுக் கணக்கின்படி இறந்தோர் 84,537 பேர். காணாமல் போனோர் 53,836 பேர். பாதிக்கப்பட்டோர் 24 லட்சம் என்று மதிப்பிட்டார்கள். ஏறக்குறைய நாலரை லட்சம் வீடுகள் முற்றிலும் அழிந்தன. புயல் வருவதை இந்திய வானிலை ஆய்வுத் துறை முன்னதாகவே அறிவித்திருந்தது. ஆனால் ஓடிப்போய் ஏறி நிற்க அந்தக் கிராமங்களில் எங்கே இடம் இருந்தது? செங்கல்லால் கட்டிய புத்த மடமோ தேவாலயமோ இருந்த ஊர்களில் சிலர் அதற்குள் ஒதுங்கினார்கள். மற்றவர்கள் தென்னை மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடியும்வரை கிடந்தார்கள். அப்படிப் பிழைத்தவர்களின் மார்பிலும் முன்கையிலும் மரப்பட்டை உரசிய தழும்புகளை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். குழந்தைகளும் பெண்களும் அதிகமாக இறந்ததன் காரணத்தை அந்தத் தழும்புகளைப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன். அத்தனை மணி நேரம் மரத்தை இறுகப் பற்றிக்கொண்டிருக்கக் கையில் வலு வேண்டும்.

யாங்கூனில் எங்கள் தெருவை மறித்துக்கொண்டு பெரிய மரங்கள் சாய்ந்து கிடந்தன. மின்சாரம் இல்லை, அதனால் மோட்டார் ஓடவில்லை, அதனால் தண்ணீர் இல்லை. கோவில் கூரையின் தகரங்கள் பெயர்ந்து பக்கத்துப் பள்ளி மைதானத்தில் கிடந்தன. மே மாதம் எங்களுக்கு மாதா வணக்க மாதம். அந்த ஆண்டு மாலை நேர ஜெபமாலையை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், வானம் தெரியும் கூரையின் கீழ் சொன்னோம். அடுத்த வாரமே அரிசி, மெழுகுவர்த்தி, தார்ப்பாய், பழைய கைலிகள் ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு எங்கள் பங்கு இளைஞர்கள் டெல்டாவுக்குப் புறப்பட்டார்கள். வழியில் பல இடங்களில் அதிகாரிகள் வண்டியை நிறுத்தினார்கள், விசாரித்தார்கள், சில நாள் திருப்பியும் அனுப்பினார்கள். வெளிநாட்டு உதவிப் பணியாளர்கள் டெல்டாவுக்குள் நுழைய அனுமதி கிடைப்பதற்கு, ஐக்கிய நாடுகள் பொதுச்செயலாளர் பான் கி மூன் நேரில் வந்து பேசிய மே 23 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த மூன்று வாரங்களில் சோறு கொண்டுபோய்க் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் இந்நாட்டின் சாதாரண மக்கள். தேநீர்க் கடைக்காரரும் கல்லூரி மாணவரும் பிக்குகளும் கன்னியாஸ்திரீகளும் கிடைத்த வண்டியில் போனார்கள். தொண்டருக்குப் பர்மிய மொழியில் 'சேதனா வுந்தான்' என்று பெயர். நல்லெண்ணத்தின் ஊழியர் என்று அதைச் சொல்லலாம். அந்தச் சொல் அந்த மே மாதத்தில் முழுப் பொருளோடு புழங்கியது.

எங்கள் குடும்பத்துக்கு டெல்டா அந்நிய நிலம் அன்று. என் தாத்தா இளவயதில் பியாபோன் பக்கம் அறுவடைக் கூலியாக இருந்தவர். அந்த நெல்வயல்களின் வரலாற்றில் தமிழர்களின் வியர்வையும் உண்டு, தமிழர்கள் கொடுத்த கடனும் உண்டு. 1930களின் பிற்பகுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கைக்குப் போயிருந்தது. கடனைத் திருப்பிக் கட்ட முடியாத பர்மிய விவசாயி இழந்த நிலம் அது. 1960களில் கடைகளும் பள்ளிகளும் நாட்டுடைமை ஆனபோது பல்லாயிரக்கணக்கான நம்மவர்கள் கப்பல் ஏறிச் சென்று சென்னை வியாசர்பாடியிலும் செங்குன்றத்திலும் குடியேறினார்கள். எங்களைப் போன்றோர் இங்கேயே தங்கிவிட்டோம். இதையெல்லாம் இங்கே குறிப்பிடக் காரணம் இருக்கிறது. தமிழர்கள் சிலர் கணக்குப் புத்தகத்தோடு ஒரு டெல்டா கிராமத்துக்குள் நுழைவது அந்த ஊர் முதியவர்களுக்கு எதை நினைவூட்டும் என்பதை, புறப்படும் முன்பே எங்கள் பங்குத்தந்தை எங்களை உட்கார வைத்து எடுத்துச் சொன்னார். புத்தகத்தை மடத்தில் வையுங்கள், யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கட்டும் என்றார். நாங்கள் அப்படியே செய்தோம்.

மழைக்காலத்தில் வீடு கட்ட முடியாது. அதனால் நவம்பர் வரை பணம் திரட்டுவதிலும் கருவிகள் சேர்ப்பதிலும் கழித்தோம். குழுவில் பன்னிரண்டு பேர். தன்லியினைச் சேர்ந்த வயதான தச்சர் ஒருவர் எங்களுக்குத் தலைமை; அவரை எல்லோரும் பெரியப்பா என்றுதான் அழைத்தோம். கொத்தனார் இருவர், இளையோர் சபையைச் சேர்ந்த பையன்கள் ஆறு பேர், சமையலுக்கு அக்காமார் இருவர், கணக்குக்கு நான். மௌபின், ச்சையிக்லாட், பியாபோன் வழியாகப் போகலேவரை லாரி. அங்கிருந்து ஓத நேரம் பார்த்துப் படகு. ஓதம் இறங்கிவிட்டால் ஓடைகளில் படகு தரை தட்டிவிடும். ஆகவே எங்கள் நாள் கடிகாரப்படி நடக்கவில்லை, நீரின் ஏற்ற இறக்கப்படிதான் நடந்தது.

கிராமத்தில் பாதிப் பேர் பர்மியப் பௌத்தர்கள். மீதிப் பேர் கரேன் இனக் கிறித்தவர்கள். யாருக்கு முதலில் வீடு என்பதை மடத்துப் பெரிய பிக்குவும் கரேன் உபதேசியாரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்தார்கள். அதில் நாங்கள் தலையிடவில்லை. தங்க இடம் கொடுத்ததும் மடம்தான். மடத்தை ஒட்டிய சத்திரத்தில் நாங்கள் இரவு ஜெபமாலை சொல்லி முடிக்கும்போது அடுத்த கட்டடத்தில் பிக்குகள் ஓதும் ஒலி கேட்கும். ஊர்ப் பெண்கள் புளிச்சகீரையும் இறாலும் போட்டு ஒரு குழம்பு வைப்பார்கள். அதைப் பர்மியர்கள் சின்பவுங் என்கிறார்கள். எங்கள் அக்காமார் அதன் மேல் மிளகாய் தாளித்துக் கொட்டி ஊரையே தும்ம வைத்தார்கள்.

வீடுகள் எப்படி விழுந்தன என்று பார்க்காமல் வீடு கட்டக் கூடாது என்பதில் பெரியப்பா பிடிவாதமாக இருந்தார். முதல் இரண்டு நாள்களும் ஒரு ஆணிகூட அடிக்க விடவில்லை. சிதைந்து கிடந்த தூண்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டினார். பல தூண்கள் மண்ணும் காற்றும் சந்திக்கும் அந்த ஒரு சாண் அளவில் உளுத்துப் போயிருந்தன. மண்ணுக்குள் ஆழத்தில் இருந்த பகுதியோ இரும்பு போல் இருந்தது. ஈரமும் காற்றும் மாறி மாறிப் படும் இடத்தில்தான் மரம் சாகும் என்றார். அந்த இடத்தில் தூணைச் சுற்றிக் கழிவு எஞ்சின் எண்ணெயை மூன்று முறை காய்ச்சிப் பூசச் சொன்னது அதனால்தான். என் புத்தகத்துக் கறை அப்போது வந்தது. சாய்ந்த வீடுகளில் குறுக்குச் சட்டம் இல்லை. தூணும் உத்தரமும் மட்டும் கொண்ட சட்டகம் காற்றில் சீட்டுக்கட்டு போலச் சாயும். மூலைக்கு மூலை ஒரு சாய்சட்டம் அடித்தால் அதுவே முக்கோணமாகி நின்றுவிடும். மூங்கில் கழிகளைக் கட்டிச் செய்த சிறிய சட்டகத்தைக் கையில் கொடுத்து, பையன்களை ஆட்டிப் பார்க்கச் சொன்னார். ஆடியது. ஒரு சாய்கழியைக் கட்டியபின் மறுபடி ஆட்டச் சொன்னார். பலசாலியான பையன்கூட அசைக்க முடியவில்லை. ஊர்ப் பிள்ளைகள் அந்தச் சட்டகத்தை வாங்கிக்கொண்டு போய் நாள் முழுவதும் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கூரைக்கும் அதே கவனம். இரண்டு பக்கச் சரிவுக் கூரையின் முக்கோணச் சுவரில் காற்று நேராக மோதுகிறது. நான்கு பக்கமும் சரிந்த கூரையில் எந்தத் திசைக் காற்றும் வழுக்கிப் போகும். இறவாரம் அதிகம் நீண்டிருந்தால் அதன் அடியில் புகும் காற்று கூரையையே தூக்கிவிடும். ஆனால் மழைச்சாரலுக்கு இறவாரம் வேண்டும். இரண்டு அடிக்குள் நிறுத்தி, கைமரத்தை உத்தரத்தோடு இரும்புப் பட்டையால் சுற்றி ஆணி அடித்தோம். வெறும் ஆணி மேல்நோக்கிய இழுப்பில் கழன்றுவிடும்; பட்டை இருந்தால் கழலாது. கூரை வேய்ந்தது 'தனி' எனப்படும் சதுப்புநிலப் பனையின் ஓலையால். ஓலையை இரண்டாக மடித்து மூங்கில் பத்தையில் வரிசையாகத் தைத்துவிட்டால் ஒரு கீற்று. நல்ல கீற்று இரண்டு மூன்று ஆண்டு தாங்கும். அந்தப் பனைகளும் புயலில் அழிந்திருந்ததால் ஓலையைத் தூரத்திலிருந்து வரவழைக்க வேண்டியதாயிற்று. ஆணியை வீசைக் கணக்கில் வாங்கினோம். ஒரு வீசை சுமார் 1.63 கிலோ, ஆங்கிலேயர் பர்மிய எடைக்கு எழுதிவைத்த பெயர் நம் வீசையிலிருந்து போனதுதான். அந்தச் சொல்லைக் காணும்போதெல்லாம் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

முதல் வீடு ஒரு பாட்டிக்கு. பர்மிய மொழியில் பாட்டியை 'அப்வா' என்பார்கள். நாங்களும் அப்படியே அழைத்தோம். மகனும் மருமகளும் பேத்திகளும் போய், ஒன்பது வயதுப் பேரன் ஒருவன் மட்டும் அவருக்கு மிஞ்சியிருந்தான். ஏழு மாதமாகத் தார்ப்பாயின் கீழ் வாழ்ந்தவர். யாங்கூனிலேயே நாங்கள் வரைந்துகொண்டு வந்த வரைபடத்தின்படி 12 அடிக்கு 18 அடியில், ஒன்பது தூண்களின் மேல், தரையிலிருந்து நான்கு அடி உயரத்தில் ஆறே நாளில் வீடு எழுந்தது. ஆற்றிலிருந்து தண்ணீர் எடுத்துவர வசதியாக இருக்கும் என்று எண்ணி, சமையல் தாழ்வாரத்தைக் கிழக்கே வைத்திருந்தோம். முடிந்ததும் அப்வா எங்கள் ஒவ்வொருவர் கையையும் பற்றிக்கொண்டு நன்றி சொன்னார். நாங்கள் புகைப்படம் எடுத்துக்கொண்டோம். அந்த இரவு சத்திரத்தில் பையன்கள் பாட்டுப் பாடினார்கள்.

மூன்றாவது வீட்டுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்த நாளில், மதியம் தண்ணீர் குடிக்க அப்வாவின் வீட்டுப் பக்கம் போன பெரியப்பா வெகுநேரம் திரும்பி வரவில்லை. தேடிப்போனேன். வீட்டின் அடியில் குந்தி உட்கார்ந்து ஒரு கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடைக்குள் சிவப்புத் துணி சுற்றிய முழுத் தேங்காய் ஒன்று இருந்தது. "ஏம்மா, இது வீட்டுக்குள் தூணில் தொங்க வேண்டியதல்லவா? ஏன் இங்கே இருக்கிறது?" என்று என்னிடம் கேட்டார்.

பர்மியப் பௌத்தர் வீடுகளில் வீட்டுக் காவல் தேவதையான மஹாகிரிக்காக ஒரு தேங்காயைத் தென்கிழக்குத் தூணில் தொங்கவிடுவது வழக்கம். தகாவுங் நாட்டில் பெரும் வலிமை கொண்ட ஒரு கொல்லன் இருந்தானாம்; அவனுக்கு அஞ்சிய அரசன் அவனை மரத்தில் கட்டி எரித்தானாம்; அண்ணன் எரிவதைக் கண்ட தங்கையும் தீயில் பாய்ந்தாளாம். அந்தக் கொல்லன்தான் தேவதையானான். வெந்த உடலுக்கு இளநீர் குளிர்ச்சி என்பதால் தேங்காய் வைக்கிறார்கள். பெரியப்பா சிறுவயது முதல் பர்மியர்களுக்கு வீடு கட்டியவர். இது அவருக்குத் தெரியும். நாங்கள் கட்டிய வீட்டில் தென்கிழக்குத் தூணின் தலைப்பகுதியில் தெற்குச் சுவரின் சாய்சட்டமும் கிழக்குச் சுவரின் சாய்சட்டமும் வந்து சேர்ந்து இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. அதைவிட மோசம், அந்தத் தூண் சமையல் புகையில் நின்றது. மேலே ஏறிப் பார்த்தோம். புத்தர் பீடத்தை மரியாதையோடு கிழக்குப் புறத்தில் உயரமாக வைப்பார்கள். அதற்கு இடமின்றி அப்வா சிலையைத் துணியில் சுற்றி அரிசிப் பானையின் மேல் வைத்திருந்தார். அதன் பக்கம் கால் நீட்டக் கூடாது என்பதற்காகப் பாட்டியும் பேரனும் வீட்டின் ஒரு மூலையில் குறுக்காக முடங்கிப் படுத்திருக்கிறார்கள். ஆறு நாள் உழைத்து நாங்கள் எழுப்பிய வீட்டில் அவர்கள் இருவரும் விருந்தாளிகளைப் போல இருந்தார்கள்.

ஏன் சொல்லவில்லை என்று நான் அப்வாவைக் கேட்டபோது அவர் சிரித்துக்கொண்டே ஒரே சொல்லைச் சொன்னார்: 'ஆனாடே'. இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தச் சொல்லைத் தெரியாது என்று சொல்ல முடியாது. பிறரைச் சங்கடப்படுத்திவிடக் கூடாதே, தமக்காக அவர் சிரமப்பட வேண்டாமே என்று மனம் கூசித் தன் தேவையை விழுங்கிக்கொள்ளும் குணம் அது. விருந்தாளி பசியை மறைப்பதும் நோயாளி மருத்துவரிடம் வலியைக் குறைத்துச் சொல்வதும் இதனால்தான். தானம் கொடுப்பவர் முன்னால் இந்தக் கூச்சம் பல மடங்காகும். வரைபடத்தை விரித்துக் காட்டி "இது சரிதானே?" என்று நாங்கள் கேட்டிருந்தோம், அவர் சரி என்றிருந்தார். அப்படிக் கேட்டால் சரி என்றுதான் பதில் வரும் என்பதை நான் அறிந்திருக்க வேண்டும். எனக்கு இன்றும் உறுத்துவது அதுதான். எந்த வெளிநாட்டு நிறுவனமும் செய்யாத தவறு அது என்று சொல்ல வரவில்லை. பர்மிய மொழியிலேயே கனவு காணும் நாங்கள் அதைச் செய்தோம்.

அன்று இரவு சத்திரத்தில் வாக்குவாதம் நடந்தது. வீட்டைப் பிரித்து மாற்றி அமைக்க மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாளில் தார்ப்பாயின் கீழ் இருக்கும் இன்னொரு குடும்பத்துக்குப் பாதி வீடு எழும்பிவிடும். இது ஒரு கேள்வி. இளையோர் சபைத் தம்பி ஒருவன் கேட்ட மற்றொரு கேள்வி இன்னும் கடினமானது. கோவிலில் காணிக்கை போட்டவர்களின் பணத்தில் தேவதைக்குத் தேங்காய் தொங்கவிடத் தூண் அமைப்பது சரியா என்று கேட்டான். அவன் கேட்டதில் வஞ்சகம் இல்லை. தன் விசுவாசத்தை நேசிப்பவன் கேட்கக் கூடிய கேள்வி. அந்த வாரம் எங்களைப் பார்க்க வந்திருந்த பங்குத்தந்தை அவனைக் கண்டிக்கவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தம்பி, காணிக்கை போட்டவர்கள் அந்தப் பாட்டிக்கு வீடு கொடுக்கச் சொல்லிப் போட்டார்கள். நாம் இன்னும் கொடுக்கவில்லையே" என்றார். பெரியப்பா எதுவும் பேசவில்லை. விடிந்ததும் பார்த்தால், அவர் ஏற்கெனவே போய்ச் சாய்சட்டத்தின் ஆணிகளைப் பிடுங்கத் தொடங்கியிருந்தார். முதலில் போய் ஏணியைப் பிடித்தவன் அந்தத் தம்பிதான்.

சாய்சட்டங்களைத் தலைகீழாக மாற்றினோம். மூலைத்தூணின் தலையில் சேர்ந்திருந்தவற்றை அதன் அடியிலிருந்து தொடங்கி நடுத்தூணின் தலைக்குப் போகுமாறு அமைத்தால் வலிமையில் குறைவு இல்லை; மூலைத்தூணின் மேற்பகுதி விடுபட்டுவிடுகிறது. சமையல் தாழ்வாரம் வடக்கே போயிற்று. கிழக்குச் சுவரில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பலகைத்தட்டு. கடைசியாகப் பெரியப்பா ஓர் இரும்புமரத் துண்டை எடுத்து உளியால் செதுக்கி, தென்கிழக்குத் தூணில் துளையிட்டு, முளையாக அறைந்தார். ஆணி அடித்தால் போதாதா என்று கேட்டேன். தீயில் செத்த கொல்லனுக்கு இரும்பைக் காட்ட வேண்டாம் என்றார். அது அவருடைய சொந்த எண்ணம். அப்படி ஒரு வழக்கம் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. பேரன் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அப்வா தேங்காயை முளையில் மாட்டிவிட்டு இரண்டடி பின்னால் வந்து பார்த்தார்; பிறகு மீண்டும் போய்ச் சிவப்புத் துணியின் மடிப்பைச் சரி செய்தார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்து, படிக்கட்டின் இரண்டாவது படி சற்று உயரமாக இருக்கிறது, என் முழங்கால் வலிக்கிறது, அதையும் மாற்றித் தாருங்கள் என்றார். அவர் எங்களிடம் வாய்திறந்து கேட்ட முதல் காரியம் அது. அக்காமார் இருவரும் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டார்கள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அதன்பின் நாங்கள் வரைபடத்தை யாரிடமும் காட்டவில்லை. பழைய வீடு நின்ற இடத்துக்கு அந்தக் குடும்பத்தோடு போவோம். புயலுக்கு முன்பு எங்கே படுத்தீர்கள், அடுப்பு எங்கே இருந்தது, விருந்தாளி வந்தால் எங்கே உட்காருவார், மழைநீர்ச் சாடி எந்த மூலையில் நின்றது என்று பேச்சுக் கொடுப்போம். இறந்தவர்களைப் பற்றிய பேச்சும் அதில் வரும். அதை அவசரப்படுத்தி நகர்த்திவிட முடியாது. சில வீடுகளில் இந்தப் பேச்சுக்கே ஒரு முழுப் பிற்பகல் போயிற்று. பிறகு மூங்கில் குச்சிகளை அவர்கள் கையில் கொடுத்து நடச் சொல்வோம், கயிற்றை நாங்கள் இழுத்துப் பிடிப்போம். குச்சி நட்டபின் அந்தக் கற்பனை வீட்டுக்குள் அவர்களை நடக்கச் சொல்வோம். வாசல் என்று குறித்த இடத்தைத் தாண்டாமல் பழக்கத்தில் வேறு பக்கமாக வெளியே வந்தால், வாசலை அங்கே மாற்றிவிடுவோம். வாய் சொல்லாததைக் கால் சொல்லிவிடும் என்பது பெரியப்பாவின் நம்பிக்கை. வேலை மெதுவாகத்தான் நடந்தது. ஐம்பது வீடு என்று பங்கில் சொல்லிவிட்டு வந்தோம், முப்பத்தொன்றுதான் முடிந்தது. அதற்காக ஊரில் சிலர் எங்களைக் குறை கூறினார்கள். அவர்கள் பக்கத்து நியாயத்தை நான் மறுக்கவில்லை.

மரம் வாங்கியதில் ஒரு முறை ஏமாந்தோம். உலர்ந்தது என்று சொல்லி ஒரு மரக்கிடங்கில் கொடுத்த தூண்கள், இறக்கிய பத்தாம் நாளே முறுக்கிக்கொண்டன. பச்சை மரம். கணக்கு எழுதிய நான்தான் விலை மலிவாக இருக்கிறதே என்று சம்மதித்தேன். அவற்றைத் தூணாகப் பயன்படுத்தாமல் படிக்கட்டுக்கும் படகுத் துறைக்கும் அறுத்துப் பயன்படுத்தினோம்.

கிறிஸ்துமஸ் அங்கேயே வந்தது. கரேன் பிள்ளைகள் நான்கு குரலில் பாடும் பாட்டை அந்த இருட்டில், அந்த ஆற்றங்கரையில் கேட்டவர்கள் பாக்கியவான்கள். மடத்துப் பிக்கு எங்களுக்கு ஒரு கூடை வாழைப்பழம் அனுப்பினார்.

2012 ஜனவரியில், பெரியப்பா உட்பட நாங்கள் நான்கு பேர் மீண்டும் அந்த ஊருக்குப் போனோம். முப்பத்தொரு வீடுகளில் சிலவற்றின் ஓலைக்கூரை தகரமாகியிருந்தது, சில வீடுகள் விற்கப்பட்டிருந்தன, ஒன்று எரிந்துபோயிருந்தது. அப்வாவின் வீடு இருந்த இடத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. ஆண்டுதோறும் அந்தக் கரையை ஆறு தின்றுகொண்டே வருகிறது. எனக்கு நெஞ்சு திக்கென்றது. ஆனால் உள்ளே சற்றுத் தள்ளி, தென்னைகளுக்கு நடுவே, அதே ஒன்பது தூண்களோடு வீடு நின்றுகொண்டிருந்தது. அப்வா முந்தின ஆண்டு இறந்துவிட்டார். பக்கத்து வீட்டாரோடும் தாய்மாமன் முறை உறவினர் ஒருவரோடும் சேர்ந்து, பேரனே வீட்டைத் தூண் தூணாகக் கழற்றி அங்கே கொண்டுபோய் மறுபடி நிறுத்தியிருக்கிறான். தூண்களின் அடியில் புதிதாக எண்ணெய் பூசியிருந்தது. தென்கிழக்குத் தூணில் அந்த முளையும், அதில் சிவப்புத் துணியோடு ஒரு தேங்காயும் இருந்தன.

நாங்கள் போன நேரத்தில் அவன் வடக்கே ஒரு சிறிய அறை சேர்த்துக் கட்டுவதற்கு அளந்துகொண்டிருந்தான். பன்னிரண்டு வயதுப் பையன்தான். அவன் கையில் இருந்த கயிற்றில் சம இடைவெளியில் முடிச்சுகள் இருந்தன. மூன்று அடி, நான்கு அடி, ஐந்து அடி என்று முக்கோணமாக இழுத்தால் மூலை சரியான செங்கோணமாக வரும் என்று பெரியப்பா அன்று பையன்களுக்குக் கற்றுக்கொடுத்த அதே முறை. பெரியப்பாவைக் கண்டதும் ஓடிவந்து அவர் காலைத் தொட்டு வணங்கினான். பிறகு கயிற்றின் ஒரு முனையை அவர் கையிலும் இன்னொரு முடிச்சை என் கையிலும் கொடுத்து, எங்கே நிற்க வேண்டும் என்று காட்டினான். பெரியப்பா ஓரடி தள்ளி நின்றுவிட்டார் போலிருக்கிறது. "அங்கே இல்லை தாத்தா, அந்தக் குச்சிக்கு வாருங்கள்" என்றான். அவர் குச்சிக்குப் போய் நின்றார்.